பண்டல் கடையில் வாங்கிய பழைய உடுப்பு உங்கள் உடுப்பாக மாறுவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்குப் பழைய காலத்து உடுப்பு என்றால் உயிர். பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடையில் வாங்கி வாங்கி அலமாரி நிறைந்துவிட்டது. ஆனால் போட்டுக்கொண்டு வெளியே போனால், நாடகத்தில் நடிக்கப் போகிறாயா என்று கேட்கிறார்கள். நான் நல்ல கறுப்பு, கொஞ்சம் பருமன். எனக்கென்று ஒரு பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தாவின் வெள்ளைச் சட்டை ஒன்றும் பாட்டியின் நைலக்ஸ் (நைலான்) புடவை ஒன்றும் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை வெட்டித் தைக்கலாமா?"

இதே ஊரில் நெடுங்காலமாகத் தையல் தொழிலில் இருப்பவள் நான். பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் இதுவரை ஒரு காலகட்டத்தை வாங்கிக்கொண்டிருந்தீர்கள். 1950-கள் என்றால் குடைபோல் விரியும் பாவாடை, 1970-கள் என்றால் பெல்பாட்டம் என்று படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில், வேறு உடல்வாகு உள்ள பெண்களை வைத்து எடுக்கப்பட்டவை. அந்த உடுப்பை அப்படியே தலையிலிருந்து கால்வரை அணிந்து சுங்கை சிப்புட் பஸ் நிலையத்தில் நின்றால், பார்க்கிறவர்களுக்கு வேடமாகத்தான் தெரியும். அவர்கள் மீது குற்றமில்லை. காலகட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் துணி, கட்டிங், நிறம் இந்த மூன்றையும் பாருங்கள். பாணி என்பது இவற்றில் நீங்கள் திரும்பத் திரும்ப எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலிருந்து வருகிறது.

தேடலைக் கடையில் தொடங்க வேண்டாம், வீட்டில் தொடங்குங்கள். துவைத்துக் காய்ந்ததும் கொடியிலிருந்து நேராக எடுத்துப் போட்டுக்கொள்கிற நாலைந்து உடுப்புகள் எல்லோரிடமும் இருக்கும். அவற்றைக் கட்டிலில் பரப்பிவைத்துப் பாருங்கள். கழுத்து வட்டமா, சதுரமா, முக்கோணமா? கை முழங்கைக்கு மேலே நிற்கிறதா, கீழே இறங்குகிறதா? இடுப்பு எங்கே விழுகிறது? துணி உடம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா, விலகி நிற்கிறதா? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே விடை மூன்று உடுப்பில் வந்தால், அதைப் பற்றி உங்கள் உடம்பு எப்போதோ முடிவெடுத்துவிட்டது. பிறகு உடுப்பைச் சமமாகக் கிடத்தி ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் முனையிலிருந்து தோள் முனை வரை, கழுத்தடியிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள். பண்டல் கடைக்குப் போகும்போது அந்தத் தாளும் அளவு நாடாவும் பையில் இருக்கட்டும். பழைய உடுப்பில் அச்சடித்திருக்கும் அளவை நம்பவே கூடாது. ஜப்பானின் பெரிய அளவு நமக்கு நடுத்தர அளவாக இருக்கும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அமெரிக்க அளவு எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்து, வீட்டு ஆல்பத்தை எடுங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் தீபாவளிக்கோ, பெண் பார்க்க அனுப்புவதற்கோ ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. கட்டிங் தெரியும். உங்கள் அத்தையின் தோள் உங்களுக்கு வந்திருக்கலாம், அம்மாச்சியின் இடுப்பு வந்திருக்கலாம். அவர்களுக்கு எந்தக் கழுத்து எடுப்பாக இருந்ததோ அது உங்களுக்கும் எடுப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் எல்லா ரவிக்கையும் ஆள் பார்த்து அளவெடுத்துத் தைத்தவை. உங்கள் குடும்ப உடல்வாகை அறிந்த ஒரு தையல்காரர் செய்த முடிவுகள் அந்தப் படத்தில் பதிந்திருக்கின்றன.

என்னிடம் வரும் ஆசிரியை ஒருவர், அகலமான தோளை மறைக்க வேண்டும் என்றே எப்போதும் இருண்ட நிறத்தில் மூடிய கழுத்துச் சட்டை தைக்கச் சொல்வார். ஒருநாள் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய பெரியம்மா படகு வடிவக் கழுத்து வைத்த ரவிக்கையில், நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்தபடி நின்றிருந்தார். அதே தோள். தோளின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு போகிற அந்தக் கழுத்து அகலத்தை அழகாக்கியிருந்தது. அதன் பிறகு அவர் பண்டல் கடையில் தேடுவது படகுக் கழுத்து உள்ள பருத்திச் சட்டைகளை மட்டுமே. அவை எந்த ஆண்டுக்குரியவை என்று அவர் கவலைப்படுவதில்லை. ஆனால் தெருவில் தூரத்தில் வரும்போதே அவர்தான் என்று தெரிகிறது.

நம் ஊருக்கென்று ஒரு பழைய உடுப்பு மரபு உண்டு. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், என்றால் வெள்ளைச் சட்டை, நீளக் கால்சட்டை, பையில் பேனா, கையில் ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகம். தோட்ட நிர்வாகியான துரை என்றால் காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை ஏறும் காலுறை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு எடுப்புக்கு) போகும் பால்மரத் தொழிலாளிப் பெண்களுக்கு நீளக்கைச் சட்டை, கைலி, தலையில் கட்டிய துண்டு. கொசுவுக்கும் முள்ளுக்கும் பாலுக்கும் ஏற்ற உடுப்பு அது. ரப்பர் பால் துணியில் பட்டு உறைந்தால் கறுத்துப் போகும், எத்தனை துவைத்தாலும் விடாது. அதனால்தான் பாலெடுக்க மரம் சீவப் போன உடுப்புகள் எதுவும் நம் பெட்டிகளில் மிஞ்சவில்லை. கிழிகிற வரை உழைத்து, பிறகு கரித்துணியாகி முடிந்துபோயின.

போருக்கு முந்தைய உடுப்பு நம் வீடுகளில் அநேகமாக இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், வெளியிலிருந்து துணி வருவது நின்றுபோனது. இருந்ததை ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள், அதுவும் தீர்ந்தபோது சாக்கை வெட்டி உடுத்தினார்கள். அந்தக் காலத்தைக் கண்ட பாட்டிமார்கள் பிறகு ஒரு முழத் துணியைக்கூட எறியாமல் பெட்டியில் மடித்து வைத்ததற்கு அதுவே காரணம். உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

இந்த மரபிலிருந்து இன்றைக்கு எதை எடுக்கலாம்? கிராணியின் வெள்ளைச் சட்டையை நான் முதலில் சொல்வேன். கெட்டிப் பருத்தி, நேர்க்கட்டிங், பெரிய பை. அலுவலகம் போகிற பெண்ணுக்கு அதைவிடக் கம்பீரமான உடுப்பு எனக்குத் தெரியாது. காக்கி நிறத்துக் கெட்டிப் பருத்தியில் பாவாடை தைத்துப் போட்டால் இருபது ஆண்டு உழைக்கும். தொழிலாளிப் பெண்களின் நீளக்கைச் சட்டையும் கைலியும் நல்ல சேர்க்கைதான், வீட்டிலும் வெளியிலும் உடுத்தலாம். ஆனால் பால் வாளியும் தலைத்துண்டுமாக நின்று படம் எடுத்துக்கொள்வது வேண்டாம். அது ஒரு தலைமுறையின் உழைப்பு. அதை அலங்காரப் பொருளாக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இனிப் பண்டல் கடைக்கு வருவோம். ஜப்பானின் பழைய துணியைப் பெருமளவில் வாங்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இறுக்கிக் கட்டிய மூட்டைகளாகக் கப்பலில் வந்து, தரம் பிரிக்கப்பட்டு, நம் கடைத்தெருவரை வந்து சேர்கிறது. மூட்டை உடைக்கிற நாள் எது என்று கடைக்காரரிடம் கேட்டுவைத்துக்கொண்டு அன்று காலையிலேயே போவது நல்லது. ஈப்போவுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பழைய பொருள் சந்தையையும் பார்க்கலாம், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

கடைக்குள் கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். தொங்கும் வரிசையின் ஓரத்தில் கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே நடங்கள். பருத்தி குளிர்ச்சியாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். லினன் விறைப்பாகத் தட்டுப்படும். ரேயான் கனமாக வழிந்து விழும். பாலியெஸ்டர் விரலை வழுக்கிவிடும். கை நிற்கிற இடத்தில் உடுப்பை வெளியே எடுங்கள். எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். தையலின் ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முக்கால் அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் உங்களுக்காகப் பிரித்து அகலப்படுத்த முடியும். பருமனான பெண்களுக்குப் பழைய உடுப்பில் உள்ள பெரிய வசதி இது. இன்றைய மலிவு உடுப்பில் அந்த ஓரத்துணியை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு அக்குள், தொடை இடுக்கு, பின்கழுத்து மூன்றையும் குழல் விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல் வந்தால் துணி ஓய்ந்துவிட்டது, எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். துணியை அகலவாக்கில் இலேசாக இழுத்துப் பாருங்கள், நூல் முனகினாலும் அதே முடிவுதான்.

தோள், அக்குள் சுற்று, தொடை இடுக்கு இம்மூன்றும் சரியாக அமையாத உடுப்பை வாங்காதீர்கள். நீளம், இடுப்பு, கை நீளம் இவற்றை எந்தத் தையல்காரரும் சரிசெய்துவிடுவார். தோளை மாற்றுவது உடுப்பை முழுக்கப் பிரித்து மறுபடி தைப்பதற்குச் சமம். பத்து வெள்ளிச் சட்டைக்கு (வெள்ளி என்றால் ரிங்கிட்) நாற்பது வெள்ளிக் கூலி ஆகும். உடம்பு மெலிந்ததும் போடலாம் என்று சிறிய அளவில் எதையும் வாங்கிவைக்க வேண்டாம். உங்கள் அலமாரி நிறைந்ததில் பாதி அப்படித்தான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பொதுவாக இருபது ஆண்டைத் தாண்டியதைத்தான் பழங்கால உடுப்பு என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். வயதை ஓரளவு கண்டறியச் சில அடையாளங்கள் உண்டு. ஜப்பான் உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சலவைக் குறிகளைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் சீன எழுத்து ஒன்று இருந்தால் அது பழைய முறைக் குறி. 2016 டிசம்பரில் ஜப்பான் அந்தக் குறிகளைக் கைவிட்டு, இஸ்திரிப் பெட்டிக்குள் புள்ளி வைக்கும் உலகப் பொது முறைக்கு மாறியது. புள்ளி இருந்தால் உடுப்பு அண்மைக்காலத்தது, மேலே பார்க்க வேண்டியதில்லை. எழுத்து இருந்தால் தொடர்ந்து தேடலாம். கவுன், பாவாடை போன்றவற்றில் உலோகப் பற்கள் உள்ள ஜிப் இருந்தால் 1960-களோ அதற்கு முந்தியதோ ஆக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு நைலான் ஜிப் பரவிவிட்டது. டி-சட்டையின் கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒற்றை வரித் தையல் இருந்தால் பெரும்பாலும் 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தியது. இப்போது வேண்டுமென்றே அப்படித் தைத்துப் பழசு என்று விற்கிறவர்களும் உண்டு, எனவே இதை மட்டும் நம்ப வேண்டாம். லீவைஸ் கால்சட்டையின் சிவப்புப் பட்டையில் பெயரின் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தால் 1971-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வந்தது என்பார்கள். அதைத் தேடிச் சேகரிப்பவர்கள் தனிக் கூட்டம், விலையும் தனி. உங்களுக்கு அது தேவையில்லை. பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பிப் பொத்தான் சில்லென்றிருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. சிப்பிப் பொத்தான் வைத்த சட்டையைக் கவனமாகத் தைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு சட்டையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் மூட்டையிலிருந்து வந்த அரைக்கைக் கட்டம்போட்ட சட்டை அது. மருதாணிச் சிவப்பும் கருநீலமும் மஞ்சளும் கட்டம் கட்டமாக ஓடி, ஓரங்களில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் இலேசாக இறங்கியிருந்தது. பையின் கட்டமும் அடியில் உள்ள கட்டமும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்திருந்தன. உள்பக்கம் புரட்டினாலும் அதே அடர்த்தி, ஏனென்றால் சாயமிட்ட நூலால் நெய்த துணி. அச்சடித்த கட்டமாக இருந்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும். அது மெட்ராஸ் கட்டம். 1950-களின் இறுதியில் இந்தியத் துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து இந்தத் துணியை அமெரிக்க வணிகர்கள் வாங்கிப் போனார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்குகிறது என்று முதலில் புகார் எழுந்தது. பிறகு அந்தச் சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைச் சட்டையாகவே அது ஆகிவிட்டது. அந்தக் கல்லூரி உடுப்பு முறையை ஜப்பானில் பரப்பியவர் கென்சுகே இஷிசு. அவருடைய வேன் ஜாக்கெட் நிறுவனம் 1978-இல் நொடித்துப்போனாலும் அந்த ரசனை ஜப்பானில் நிலைத்துவிட்டது. இன்றும் ஜப்பான் மூட்டைகளில் மெட்ராஸ் கட்டச் சட்டை வந்துகொண்டே இருப்பதற்கு அதுதான் வேர்.

நம் சோழமண்டலக் கரையின் கைத்தறி மரபு அமெரிக்காவையும் ஜப்பானையும் சுற்றி ஒரு பேராக் தோட்டப் பட்டணத்தில் ஐந்து வெள்ளிக்குத் தொங்குகிறது. அதை ஒரு தமிழ்ப் பெண் எடுத்து அணிவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே ஆண்கள் கட்டும் பெலிக்காட் கைலியும் அதே கரையின் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணி வழி வந்ததுதான். தாத்தா கட்டிப் பழகிய பருத்திக் கைலி வீட்டில் இருந்தால், துவைத்துத் துவைத்து மிருதுவான அந்தத் துணிக்கு ஈடான பாவாடைத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

பாத்திக் வாங்கும்போதும் உள்பக்கத்தைப் பார்ப்பதே வழி. மெழுகு வைத்துச் சாயமிட்டதானால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும், மெழுகு விரிசல் விட்ட இடங்களில் மெல்லிய கோடுகள் ஓடும். கிளந்தான், திரெங்கானுவில் கையால் வரைந்த பழைய பட்டுப் பாத்திக் சட்டைகள் ஆண்கள் பகுதியில் கேட்பாரற்றுத் தொங்குகின்றன. அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்திக் அணிவதால், பணி ஓய்வு பெற்றவர்கள் வீட்டிலிருந்து இவை நிறைய வருகின்றன. ஆண்கள் பகுதி என்று தயங்க வேண்டாம்.

நிறம். "நான் நல்ல கறுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ குறையைச் சொல்வதுபோல. கறுப்பாக இருப்பவர்கள் அழுத்தமான நிறம் அணியக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் ஜப்பான் மூட்டையில் வரும் சாந்து நிறத்தையும் சாம்பல் நிறத்தையும் வாங்கிக் குவித்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்த வெளிறிய நிறங்கள் நம் தோலின் ஒளியை அடக்கிவிடும். நம் நெசவுக்காரர்கள் நம் தோலைப் பார்த்துத்தான் நிறங்களுக்குப் பெயர் வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்: அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, வெங்காயத்தோல். 1970-களின் உடுப்புகளில் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கரும்பச்சையும் ஏராளம். மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போகும் அந்த நிறங்கள்தான் உங்களுடைய செல்வம். உடுப்பை முகத்தருகே பிடித்துக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். முதலில் முகம் கண்ணில் பட்டால் வாங்குங்கள். முதலில் உடுப்பு கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிறங்களைத் தேர்ந்து, ஓராண்டு முழுவதும் அவற்றிலேயே தேடுங்கள். பழைய உடுப்புகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகத் தொங்குகிற தொல்லை அப்போது தீரும்.

வெயிலையும் மறக்கக்கூடாது. மதியம் 33 பாகைக்குப் போகிற ஊரில் உள்ளே துணி வைத்துத் தைத்த கவுன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு முறைக்கு மேல் போடமாட்டீர்கள். உள்துணி பாலியெஸ்டராக இருந்தால் அதைப் பிரித்து எடுத்துவிட்டு மெல்லிய பருத்தி வைக்கலாம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் விரியும் பாவாடை வேண்டவே வேண்டாம். சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கணுக்காலுக்கு மேலே நிற்கும் நேர்ப் பாவாடையோ, இடுப்பு உயர்ந்த பழைய பாணிக் கால்சட்டையோ போதும். அலுவலகக் குளிர்சாதனத்துக்கு மெட்ராஸ் கட்டச் சட்டையைத் திறந்தபடி மேலே போட்டுக்கொள்ளலாம்.

அணியும் முறைக்கு என் விதி ஒன்றே: ஒரு நேரத்தில் பழையது ஒன்று. 1960-களின் சட்டை என்றால் கால்சட்டை, செருப்பு, கைப்பை, தலைமுடி எல்லாம் இன்றையதாக இருக்கட்டும். நாடக வேடம் என்ற பேச்சு பெரும்பாலும் தலைமுடியிலிருந்தும் செருப்பிலிருந்தும்தான் வருகிறது. ஒரு சட்டையைக் குறைந்தது ஒரு மாதம், வாரந்தோறும், வெவ்வேறு கீழ் உடுப்போடு அணியுங்கள். மாத முடிவிலும் கை அதைத் தேடிப் போனால் அது உங்களுடையது. போகாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வாங்கியதைத் துவைக்காமல் அணியாதீர்கள். கெட்டிப் பருத்தியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பட்டையும் ரேயானையும் குளிர்ந்த நீரில், முறுக்கிப் பிழியாமல். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், பிழிந்தால் கிழியும். சாயம் இறங்கும் மெட்ராஸ் கட்டத்தைத் தனியாகத் துவைக்க வேண்டும். நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பெரிய எதிரி, எனவே பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை பற்றி ஓர் எச்சரிக்கை. நாப்தலீன் உருண்டை வைத்த துணியின் நெடி, ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். இந்த நாட்டில் பிறந்ததும் அந்தக் குறைபாட்டுக்குப் பரிசோதிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்துருண்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கடைசியாகப் பாட்டியின் புடவையும் தாத்தாவின் சட்டையும். நைலக்ஸ் புடவையை வெட்ட வேண்டாம். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கொடியில் போட்டால் உடனே காய்ந்துவிடும் என்பதால்தான் வேலைக்குப் போகும் பெண்கள் அதை அவ்வளவு விரும்பினார்கள். அதை நீளமாக வைத்திருந்தால் உங்களுக்கும் உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் உதவும். பகலில் உடுத்தினால் வேர்க்கும். மாலைக் கல்யாண வரவேற்புக்குப் பருத்தி ரவிக்கையோடு உடுத்துங்கள். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி விரித்துப் போடுங்கள். நைலான் உருகும். வெளுப்பதற்குக் குளோரின் பக்கம் போகாதீர்கள், இன்னும் மஞ்சளாகும்.

தாத்தாவின் சட்டையை நீங்கள் தாராளமாக அணியலாம். ஆனால் கத்தரி படாமல். பக்கத் தையலைப் பிரித்து, உங்கள் அளவுக்கு உள்ளே பிடித்து, மிச்சத் துணியை வெட்டாமல் ஓரத்திலேயே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சட்டை உங்களுக்கு இறுக்கமாக இருந்தால் பொத்தானைத் திறந்துவிட்டு மேல் சட்டையாக அணியுங்கள். கழுத்து மடிப்பில் காலர் நைந்திருந்தால் புதிய காலர் வைக்க வேண்டாம். காலரைப் பிரித்து எடுத்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பித் தைக்கலாம். கிராணிமார்கள் சட்டைக்கு அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்த வேலை அது. காலர் திருப்பத் தெரிந்த மூத்த தையல்காரர்கள் இன்னும் நம் கடைத்தெருவில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். போகும்போது சட்டையை நன்றாக அலசிக் கஞ்சி முழுவதையும் போக்கி எடுத்துப் போங்கள். கஞ்சி ஏறிய பழைய துணியில் தையலைப் பிரித்தால் நூலோடு சேர்ந்து துணியும் பிய்ந்து வரும்.